பஞ்ச காலத் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர்

சர் சி. பி. இராமசாமி ஐயர் அவர்கள் 1879-ஆம் ஆண்டில் வந்தவாசியில் பிறந்தார். சென்னையில் வழக்கறிஞராகப் புகழெய்தி, மாகாணச் சட்டசபை உறுப்பினரானார். 1923 முதல் 1928 வரை ஆளுநரின் நிர்வாக சபையில் அமர்ந்து, மேட்டூர் அணைக்கும் பைக்காரா மின் திட்டத்துக்கும் துணை நின்றார். 1936-இல் திருவிதாங்கூர்த் திவான் பதவியேற்றார். நம் மலைநாட்டுப் பள்ளிவாசலில் 1940-இல் மின்சாரம் பிறந்ததும் அவர் ஆட்சியிலேயே.

அவரது ஆற்றலுக்குப் பெருஞ்சோதனை 1942-இல் நேர்ந்தது. ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அரிசி வரவு நின்றது. அயலிடத்து அரிசியையே பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர் தவித்தது. சேர்த்தலை வட்டாரத்தில் பசியும் நோயும் பலரை மாய்த்தன. திவானின் அரசு உழவரிடம் நெல்லைக் கொள்முதல் செய்தது. நகரங்களோடு நில்லாமல் சிற்றூர்களிலும் பங்கீட்டு முறையை நடத்தியது. ஏலமலைக் காடுகளில் உணவுப் பயிரிட நிலமும் வழங்கியது. கிடைத்த அரிசி போதவில்லை. எனினும், 1943-இல் வங்காளம் கண்ட பேரழிவு இங்கு நேரவில்லை.

பசித்தோர்க்கு அரிசி அளந்த அதே ஆட்சி, 1946-இல் புன்னப்புரை, வயலார்த் தொழிலாளரைத் துப்பாக்கியால் அடக்கியதையும் மறைத்தற்கில்லை. திருவிதாங்கூரைத் தனி நாடாக்க முனைந்த திவான், 1947 ஜூலையில் வெட்டுண்டு, அடுத்த மாதமே பதவி துறந்தார். 1966-இல் இலண்டனில் காலமானார்.

நம் இல்லந்தோறும் இன்றுள்ள பங்கீட்டு அட்டை, அப்பஞ்சம் கற்பித்த பாடமாகும். இருப்பதைப் பகிர்ந்துண்ணும் அந்நெறியை நம் சிறுவர்க்கும் சொல்வோமாக.