பருத்திக் காட்டிலிருந்து எழுந்த குரல்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றவுடன் மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் சொல்வன்மையே நம் நினைவிற்கு வருகிறது. அது கல்லூரியும் இறையியற் கல்வியும் பட்டை தீட்டிய சொல். அதே காலத்தில், ஆறாம் வகுப்பைத் தாண்டாத ஓர் அம்மையாரின் பேச்சு நாட்டின் குடியரசுத் தலைவரையே அஞ்ச வைத்தது. சொல்லைத் தொழிலாகக் கொண்ட நம் வட்டத்து அன்பர்கள் அறிய வேண்டிய அப்பெருமாட்டியின் பெயர் ஃபேனி லூ ஹேமர்.

1917 அக்டோபர் 6ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்தில், வாரத்திற்குப் பயிரிட்ட ஓர் ஏழைக் குடும்பத்தில், இருபது மக்களுள் கடைக்குட்டியாய்ப் பிறந்தார். விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு. மறுபாதியில் விதைக்கடனும் மளிகைக்கடனும் கழிந்தபின் எஞ்சுவது பெரும்பாலும் புதிய கடனே. ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கினார். பதின்மூன்று வயதில், இளம்பிள்ளை வாதத்தால் தாங்கித் தாங்கி நடக்கும் காலோடு, நாளொன்றுக்கு 200 இராத்தலுக்கு மேல் எடுத்தார். காட்டில் வேலையில்லாத மாதங்களில் மட்டுமே பள்ளி. ஒருமுறை தந்தையார் சிறிது பொருள் சேர்த்துக் கோவேறு கழுதைகள் வாங்கினார். வெள்ளையர் ஒருவர் அவற்றின் தீவனத்தில் நஞ்சைக் கலந்தார். அத்தோடு குடும்பம் மீண்டும் பழைய நிலைக்கே வந்தது.

மணமான பின் ரூல்வில் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை ஒன்றில் 18 ஆண்டுகள் உழைத்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவராதலின் ஆள் கணக்கும் எடைக் கணக்கும் எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1961இல் கட்டியை அகற்றிக்கொள்ள மருத்துவமனைக்குச் சென்றார். மருத்துவர் அவரைக் கேளாமலேயே கருப்பையையும் அகற்றிவிட்டார். அந்நாளில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு நேர்ந்த கொடுமை இது. தமக்கு வாக்குரிமை என ஒன்று உண்டு என்பதையே அவர் மறு ஆண்டு ஆகஸ்டில், ஊர்த் தேவாலயத்தில் மாணவர் இயக்கத்தினர் கூட்டிய கூட்டத்தில்தான் அறிந்தார். அப்போது அவருக்கு வயது 44.

1962 ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பழைய பேருந்தில் மாவட்டத் தலைநகராகிய இந்தியனோலாவிற்குச் சென்றனர். வாக்காளராகப் பதிய விரும்புவோருக்கு அங்கே ஒரு தேர்வு உண்டு. மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி, அதற்குப் பொருள் விளக்கம் எழுதச் சொல்வார்கள். ஹேமருக்கு வந்தது, சட்டப்படி அமையாமல் நடைமுறையால் மட்டும் நிலவும் சட்டங்களைப் பற்றிய பிரிவு. உரையாசிரியர் மரபில் பழகிய நமக்கு, ஓர் உரையைக் குடிமகளின் கழுத்துக்குக் கயிறாக்கலாம் என்பது வியப்பைத் தரும். விளக்கம் சரியா, தவறா எனத் தீர்ப்பவர் வெள்ளை அலுவலர் ஒருவரே. ஹேமர் தேறவில்லை. திரும்பும் வழியில், பேருந்தின் மஞ்சள் நிறம் மிகுதி என்று சொல்லிக் காவலர் அபராதம் விதித்தனர். உள்ளே அச்சம் பரவியபோது அவர் தேவாலயப் பாடல்களை உரத்துப் பாடினார். அவர் யார் என்பதை உடன் வந்தோர் உணர்ந்தது அப்போதுதான்.

அன்றிரவே பண்ணையார், பதிவைத் திரும்பப் பெறு, இல்லையேல் வெளியேறு என்றார். அவர் வெளியேறினார். அறுவடை முடியும்வரை கணவர் பண்ணையிலேயே இருக்க வேண்டியதாயிற்று. சில நாள்களில், அவர் தங்கியிருந்த வீட்டின்மேல் 16 குண்டுகள் பாய்ந்தன. மீண்டும் தேர்வெழுதி, 1963 சனவரியில் தேறினார்.

அவ்வாண்டு சூன் 9ஆம் நாள், பயிற்சி வகுப்பிலிருந்து திரும்புகையில் வினோனா என்னும் ஊரில் தோழியரோடு கைது செய்யப்பட்டார். சிறையில் காவலரின் ஆணைப்படி கறுப்பினக் கைதிகள் இருவர் அவரை மாறி மாறி அடித்தனர். அவர்களும் அதே ஆணைக்கு அடிமைகளே என்பதை அவர் மறக்கவில்லை. சிறுநீரகமும் கண்ணும் இறுதிவரை சீர்படவில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட அலுவலர்களை வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு விடுவித்தது.

1964 ஆகஸ்ட் 22. அட்லாண்டிக் நகரில் சனநாயகக் கட்சி மாநாடு. மிசிசிப்பியின் வெள்ளையர் குழு தம் மாநிலத்தின் உண்மைப் பேராளர் குழு அன்று என வழக்கிட வந்த சுதந்திர சனநாயகக் கட்சியின் சார்பில், தகுதி ஆயும் குழுவின்முன் ஹேமர் பேசினார். தம் பெயர், தெரு, வீட்டு எண், மாவட்டம் ஆகியவற்றைச் சொல்லித் தொடங்கினார். அதே மாவட்டத்தில் பெரும்பண்ணை வைத்திருந்த செனட்டர் ஈஸ்ட்லாண்டின் பெயரையும் சேர்த்தார். பிறகு நாள், ஊர், அடித்தவர், அடிபட்ட இடம் என்று நிரல்படச் சொன்னார். உவமை தேடவில்லை, குறிப்புத்தாளும் கையில் இல்லை. பருத்திக் காட்டு மக்களின் இலக்கணத்தையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. யாப்பறிந்தோர் நாம் பெரிதாக மதிக்கும் அணிகள் யாவும் இன்றியே அவ்வுரை நின்றது, இன்றும் நிற்கிறது. என் மதிப்பீட்டில், அந்த வீட்டு எண்ணே அதன் உயிர். இருப்பிடம் சொன்னவரைத் தேடி மீண்டும் குண்டு வரக்கூடும் என்பதை அறிந்தே அவர் அதைச் சொன்னார்.

குடியரசுத் தலைவர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளரைக் கூட்டித் தொலைக்காட்சியைத் தம் பக்கம் திருப்பினார். பலன் தலைகீழாயிற்று, அன்று மாலை நாடு முழுவதும் அவ்வுரையை ஒளிபரப்பினர். இரண்டு இடம் தருகிறோம் என்று கட்சித் தலைமை பேரம் பேசியது. படித்த தலைவர்கள் பலர் ஏற்கலாம் என்றனர். ஹேமர் இசையவில்லை. அவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினர். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1968இல் சிகாகோ மாநாட்டில் அவர் முறைப்படி பேராளராக அமர்ந்தபோது அவை எழுந்து கைதட்டியது. மாநாட்டிற்கு வெளியே, வியட்நாம் போரை எதிர்த்த இளைஞரைக் காவலர் தடியால் அடித்துக்கொண்டிருந்தனர். ஹேமரும் அப்போரை எதிர்த்தவரே. உள்நாட்டில் வாக்கற்ற இளைஞரை மக்களாட்சியின் பெயரால் அயல்நாட்டிற்குச் சாக அனுப்புவதன் முரணை அவர் மேடைதோறும் எடுத்துக்காட்டினார்.

வாக்கு வந்தும் வயிறு நிறையவில்லை. பதிவு செய்தவர்களைப் பண்ணையார்கள் வெளியேற்றினர். பருத்தி எடுக்கும் எந்திரமும் வேலையைப் பறித்தது. 1969இல் அவர் 40 ஏக்கர் வாங்கிக் கூட்டுறவுப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். ஏழைக் குடும்பங்களுக்குச் சினைப்பன்றியைக் கொடுத்து, ஈன்ற குட்டிகளுள் சிலவற்றைத் திரும்பப் பெற்று அடுத்த குடும்பத்திற்கு வழங்கும் பன்றி வங்கியும் அதன் பகுதி. இவரைப் பற்றிய நூல்கள் மேடைப் பேச்சிற்குத் தரும் இடத்தை இதற்குத் தருவதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. பண்ணை சில ஆண்டுகளில் 600 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. வறட்சி, வெள்ளம், கடன் ஆகியவற்றோடு அவரது உடல் நலிவும் சேர, நிலம் கைவிட்டுப் போயிற்று.

1977 மார்ச் 14 அன்று, 59 வயதில், புற்றுநோயாலும் நெஞ்சுநோயாலும் நலிந்து மறைந்தார். நாட்டின் மிக உயரிய குடிமை விருதாகிய சுதந்திரப் பதக்கம் 2025 சனவரியில் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. ரூல்வில்லில், கூட்டுறவுப் பண்ணைக்கென வாங்கிய நிலத்தில், கணவரோடு துயில்கிறார்.