கார்ல் வில்ஹெல்ம் பெக்கர்: போலிக் கிரேக்க வெள்ளி நாணயங்களும் அவற்றை இனங்காணும் நெறியும்

முன்னுரை

பண்டைய கிரேக்க நகரங்களின் வரலாற்றை எழுதுவோர்க்கு வெள்ளி நாணயங்கள் முதன்மைச் சான்றுகளாகும். நூல்களில் இடம்பெறாத ஆட்சி மாற்றங்களையும் வணிகத் தொடர்புகளையும் வழிபாட்டு மரபுகளையும் அவை காட்டுகின்றன. ஒரு போலி நாணயம் உண்மையென ஏற்கப்பட்டால் அதன்மேல் எழுப்பப்படும் வரலாறும் பிழைபடும். இவ்வகையில் நாணயவியலுக்குப் பெரும் சோதனையாக அமைந்தவர் செருமானியரான கார்ல் வில்ஹெல்ம் பெக்கர். அவருடைய வாழ்க்கையையும், அவர்தம் போலிகளை அறிஞர் இனங்கண்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பிறப்பும் தொழிலும்

பெக்கர் 1772ஆம் ஆண்டு செருமனியின் ஷ்பையர் நகரில் மது வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் மது வணிகத்திலும் பின்னர் மன்ஹைம் நகரில் துணி வணிகத்திலும் ஈடுபட்டார். இரண்டிலும் அவர் நிலைக்கவில்லை. பழம்பொருள்களின்மீது கொண்ட நாட்டம் அவரை நாணயச் சேகரிப்பின்பால் ஈர்த்தது. பாரன் ஷெல்லர்ஸ்ஹைம் என்னும் சேகரிப்பாளர் அவருக்குப் போலியான உரோமப் பொற்காசு ஒன்றை விற்றார் என்றும், முறையிட்டபோது அறியாத துறையில் தலையிட்டதற்கு அதுவே தக்க பாடம் என இகழ்ந்தார் என்றும் கூறுவர். அந்த இகழ்ச்சியே பெக்கரை அச்சு வெட்டும் கலையைக் கற்கத் தூண்டியது என்பது வழிவழி வரும் செய்தி. இச்செய்தி முழுதும் உண்மையோ அன்றோ, ஏமாற்றப்பட்டவர் ஏமாற்றுபவராக மாறிய வரலாறாகவே அவர் வாழ்வு நினைக்கப்படுகிறது.

பின்னர் அவர் ஒஃபன்பாக் நகரில் இசன்பர்க் இளவரசரிடம் நூலகராகப் பணியேற்று அரசவை ஆலோசகர் என்னும் பட்டமும் பெற்றார். அவருடைய சேகரிப்பைக் கண்டோருள் கவிஞர் கெதேயும் ஒருவர். கற்றோர் நட்பும் அரசவைப் பட்டமும் அவர் விற்ற நாணயங்களுக்கு நம்பகத்தன்மையை அளித்தன.

போலி செய்த முறை

பெக்கருக்கு முற்பட்ட போலியாளர் பலர் உண்மை நாணயத்தின் பதிவிலிருந்து அச்சுக்குழி செய்து வெள்ளியை உருக்கி வார்த்தனர். வார்ப்பு நாணயத்தின் பரப்பில் காற்றுக் குமிழ்களின் நுண்துளைகள் தோன்றும். எழுத்தின் விளிம்பு மழுங்கும். ஓரத்தில் இணைப்புத் தழும்பு எஞ்சும். பயின்ற கண் இவற்றை எளிதில் காணும்.

பெக்கர் இவ்வழியை விட்டு, பண்டையோர் செய்தவாறே எஃகு அச்சுகளைக் கையால் செதுக்கி அவற்றால் நாணயங்களை அடித்தார். மேலும், மதிப்புக் குறைந்த உண்மையான பழைய நாணயங்களையே பலபோது வில்லைகளாகப் பயன்படுத்தி, அவற்றின்மேல் அரிய நாணயங்களின் உருவங்களைப் பொறித்தார். எனவே உலோகம் பழையது. எடையும் பெரும்பாலும் பொருந்தியது. புதுமையின் பளபளப்பை நீக்க, இரும்புத் தூளும் கொழுப்பும் நிறைந்த பெட்டியில் நாணயங்களை இட்டு, அதைத் தம் வண்டியின் அச்சில் பிணைத்து நெடுந்தொலைவு ஓட்டிச் செல்வார் என்பர். சிசிலியின் கிரேக்க நகரங்கள் முதலாகப் பல நாடுகளின் நாணயங்களையும், உரோம, இடைக்கால நாணயங்களையும் சேர்த்து 300க்கும் மேற்பட்ட வகைகளை அவர் படைத்தார்.

வெளிப்பாடு

இத்தாலிய நாணயவியலாளர் தொமெனிகோ செஸ்தினி, அக்காலக் கிரேக்க நாணயப் போலியாளர்களைப் பற்றி 1826இல் வெளியிட்ட நூலில் பெக்கரின் படைப்புகளை அடையாளம் காட்டினார். பெக்கரோ, அரிய நாணயங்களைப் பெற இயலாத சேகரிப்பாளர்க்கு உதவவே அவற்றைச் செய்ததாக விளக்கமளித்தார். தம் அச்சுகளிலிருந்து மலிவான உலோகத்தில் படிகளும் செய்து விற்றார். ஆயினும் பழமையை வலிந்து ஏற்றிய செயல் அவ்விளக்கத்தோடு பொருந்தவில்லை. படியென்று அறிவித்து விற்பவர்க்குப் பழமையின் தோற்றம் தேவையில்லை. 1830இல் ஹோம்பர்க்கில் அவர் மறைந்தார்.

இனங்காணும் நெறி

எடையும் உலோகமும் சான்றாக நில்லாத நிலையில், அச்சினை ஆராய்வதே உறுதியான வழியாயிற்று. கையால் வெட்டிய இரு அச்சுகள் முற்றும் ஒத்திருத்தல் அரிது. ஒரு மயிரிழையின் வளைவும் ஓர் எழுத்தின் சாய்வும் அச்சுக்கு அச்சு வேறுபடும். பண்டைய அக்கசாலையில் முன்புற அச்சு ஒன்று பின்புற அச்சுகள் பலவற்றோடு இணைந்து வழங்கியது. பின்புற அச்சே விரைந்து தேய்ந்ததால் அது அடிக்கடி மாற்றப்பட்டது. இதனால் உண்மை நாணயங்கள் ஒன்றோடொன்று சங்கிலிபோல் தொடர்புறுகின்றன. பெக்கரின் அச்சுகள் இச்சங்கிலியில் எங்கும் சேராமல் தனித்து நிற்கின்றன.

இதற்குத் துணையாவன வேறு சில தடயங்கள்: மேல்அடிப்பின் கீழ் எஞ்சும் பழைய உருவத்தின் சுவடு, அரத்தால் தேய்த்த ஓரம், பண்டைய கைவண்ணத்தின் இயல்பான ஓட்டமின்றி விறைத்து நிற்கும் எழுத்து ஆகியவை. 1843இல் பிண்டர் அவருடைய போலிகளின் பட்டியலை வெளியிட்டார். 1920களில் பிரித்தானிய அருங்காட்சியக அறிஞர் ஜார்ஜ் ஹில் அவற்றைப் படங்களுடன் விரிவாக ஆராய்ந்தார். இதன்பின் ஐயத்திற்குரிய நாணயத்தைப் பெக்கரின் அச்சுப் படத்தோடு ஒப்பிட்டு முடிவு காண்பது எளிதாயிற்று.

முடிவுரை

பெக்கரின் திறமையே அவரைக் காட்டிக்கொடுத்தது. ஓர் அச்சிலிருந்து பல படிகளை அடித்து விற்றமையால், வெவ்வேறு நகரங்களின் சேகரிப்புகளில் இருந்த அவை ஒன்றுபோல் தோன்றின. ஒரு படி போலியென உறுதிப்பட்டபோது அதன் உடன்பிறப்புகள் அனைத்தும் உடன் வீழ்ந்தன. தனி நாணயத்தின் அழகையும் விற்பவரின் தகுதியையும் நம்பிய காலம் நீங்கி, நாணயங்களைத் தொகுத்து ஒப்பிடும் நெறி வலுப்பெற அவருடைய போலிகளும் காரணமாயின. சான்றின் மதிப்பு அதனை உடையவரின் பெயரைச் சார்ந்ததன்று, ஒப்பாய்வைத் தாங்கும் அதன் வலிமையைச் சார்ந்தது என்பது பெக்கர் வாழ்வால் பெறப்படும் முடிவாகும்.