முட்டை உடையாத வண்டி

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



நமது ஆண்டு மலரில் விஞ்ஞானிகள், தலைவர்கள் என்று பலருடைய வாழ்க்கை வரலாறு வருவது வழக்கம். எடிசன், ஜேம்ஸ் வாட், ஹென்றி ஃபோர்டு... இவர்களையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். இந்த முறை நான் எடுத்துக்கொண்டவர் பிரான்சு நாட்டுக்காரர். பழைய கார் பிரியர்களுக்கு உலகம் முழுக்க அவரைத் தெரியும். நம்ம பக்கம் அவ்வளவாகத் தெரியாது. பெயர் பியர் ஜூல் பூலாஞ்சே. பூலாஞ்சே என்றால் பிரெஞ்சு மொழியில் ரொட்டி சுடுகிறவர் என்று அர்த்தம். ஆனால் இவர் ஊருக்குக் கொடுத்தது ரொட்டி இல்லை, கார்! சிட்ரோன் 2 சி.வி. என்கிற குடும்பக் கார்.

அந்தக் காரின் படத்தைப் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். தவளைக் கண் மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு விளக்கு. தகர ஷெட்டுக்குப் போடுகிற ஷீட் மாதிரி நெளிநெளியாக ஒரு பானெட். பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி வைக்கிற துணிக்கூரை. இதைப் போய் யார் வாங்குவார்கள் என்று தோன்றும். ஆனால் 1949-லிருந்து 1990 வரை 41 ஆண்டுகள் இந்த வண்டியைச் செய்தார்கள். கார் மட்டும் 38 லட்சத்துக்கு மேல்! அதே அடிச்சட்டத்தில் செய்த சரக்கு வேனையும் சேர்த்தால் 50 லட்சத்தைத் தாண்டும். இத்தனை பேர் ஒரு கோணல் வண்டியை ஏன் விரும்பினார்கள்? அதற்குப் பதில் பூலாஞ்சேயின் வாழ்க்கையில்தான் இருக்கிறது.

பாதியில் நின்ற படிப்பு

பூலாஞ்சே 1885 மார்ச் 10-ஆம் தேதி வட பிரான்சில் சேன்-லெ-நோபிள் என்ற ஊரில் பிறந்தார். படிக்கப் போனது எஞ்சினியரிங் இல்லை, ஓவியக் கலை. அதையும் முடிக்க முடியவில்லை. பணக் கஷ்டத்தால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

இந்த வரியைப் படித்தபோது எனக்கு மேலே படிக்கவே ஓடவில்லை. எங்க அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா கையெழுத்து மட்டும் போடக் கற்றுக்கொண்டவர். எங்க வகையறாவிலேயே டி-ஸ்கொயரைக் கையில் பிடித்த முதல் ஆள் நான்தான். பணத்தால் படிப்பு நிற்பது என்றால் என்ன என்று எங்களுக்குப் புத்தகம் பார்த்துத் தெரியவேண்டியதில்லை. வெளிநாட்டிலும், அதுவும் பெரிய கார் கம்பெனிக்குத் தலைவரானவருக்கும் அதே கதைதான் என்பதுதான் எனக்குப் புதிது.

1906 முதல் 1908 வரை ராணுவ சேவை செய்தார். அங்கே டயர் தொழில் நடத்தும் மிஷெலின் குடும்பத்துப் பிள்ளை ஒருவருடைய சிநேகிதம் கிடைத்தது. பிறகு கப்பலேறி அமெரிக்கா போனார். சியாட்டில் நகரத்தில் கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. கவனியுங்கள் நண்பர்களே, டிராஃப்ட்ஸ்மேன்! நாம் டிராயிங் ஹாலில் பென்சில் சீவுகிறோமே, அதே வேலை. அப்புறம் கனடாவில் விக்டோரியா என்ற ஊரில் சொந்தமாகக் கட்டடக் கம்பெனி தொடங்கினார். 1914-இல் முதல் உலகப்போர் வந்ததும் தாய்நாட்டுக்குத் திரும்பிப் படையில் சேர்ந்தார். விமானத்திலிருந்து போட்டோ எடுக்கும் பிரிவில் பணியாற்றி, கேப்டன் பதவியோடும் பதக்கங்களோடும் வெளியே வந்தார். போர் முடிந்தபின் மிஷெலின் கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது. சில ஆண்டுகளிலேயே நிர்வாகிகளில் ஒருவரானார்.

திவாலான கம்பெனி

அப்போது பிரான்சில் பெரிய கார் கம்பெனி சிட்ரோன். அதன் முதலாளி ஆந்த்ரே சிட்ரோன் 1934-இல் முன்சக்கரங்கள் இழுக்கும் டிராக்சியன் அவாந்த் என்ற புதுமையான காரைக் கொண்டுவந்தார். கார் நல்ல கார்தான். ஆனால் அதற்காகச் செய்த செலவைத் தாங்க முடியாமல் அந்த ஆண்டு டிசம்பரிலேயே கம்பெனி திவாலாகிவிட்டது. அதிகமாகக் கடன் கொடுத்திருந்த மிஷெலின் கம்பெனி சிட்ரோனை எடுத்துக்கொண்டது. ஆந்த்ரே சிட்ரோன் 1935 ஜூலையில் காலமானார்.

புது நிர்வாகத்தில் பியர் மிஷெலின் தலைவர், பூலாஞ்சே அடுத்தவர். 1937 கடைசியில் பியர் மிஷெலின் கார் விபத்தில் இறந்துபோக, முழுப் பொறுப்பும் பூலாஞ்சே தலையில் விழுந்தது. வடிவமைப்புத் துறையும் அவர் கையில்தான்.

யாருக்கு வண்டி?

அந்தக் காலத்துப் பிரான்சில் கார் என்பது பட்டணத்துப் பணக்காரர் சமாசாரம். கிராமத்து விவசாயி குதிரை வண்டியில்தான் சந்தைக்குப் போனார். மிஷெலின் தலைமையகம் இருந்த கிளெர்மோன்-ஃபெரான் பகுதி முழுக்க விவசாய பூமி. அந்த வண்டிகளைத் தினமும் பார்த்தவர் பூலாஞ்சே. குதிரை வண்டிக்காரரைக் காரில் உட்கார வைக்கவேண்டும் என்று முடிவு செய்தார்.

1936-இல் எஞ்சினியர்களைக் கூப்பிட்டு அவர் வைத்த கோரிக்கை கார் உலகில் பேர் பெற்றது. குதிரைத்திறன் இவ்வளவு, பளபளப்பு இவ்வளவு என்றெல்லாம் அவர் ஆரம்பிக்கவில்லை. மரச்செருப்பு போட்ட இரண்டு விவசாயிகள் உட்காரவேண்டும், கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கு மூட்டை ஏறவேண்டும், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டும், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல்தான் செலவாகவேண்டும் என்றார். ஒரு கூடை முட்டையை வைத்து உழுத வயலில் ஓட்டினாலும் ஒரு முட்டைகூட உடையக்கூடாது என்றார். விலையோ டிராக்சியன் காரில் மூன்றில் ஒரு பங்கு. பார்க்க எப்படி இருந்தாலும் பரவாயில்லை!

யோசித்துப் பாருங்கள். நம் டிசைன் புத்தகத்தில் லோடு இத்தனை நியூட்டன் என்று கொடுத்திருப்பான். இங்கே லோடு என்பது கிழங்கு மூட்டை. அதிர்வுக்கு அளவு முட்டைக் கூடை. வாங்கப்போகிற ஆளின் பிழைப்பிலிருந்தே ஸ்பெசிஃபிகேஷன் எழுதப்பட்டிருக்கிறது.

விமானத் துறையிலிருந்து வந்த ஆந்த்ரே லெஃபெவ்ர் தலைமையில் வேலை தொடங்கியது. உருவம் கொடுத்தவர் ஃப்ளாமினியோ பெர்தோனி என்ற இத்தாலியச் சிற்பி. பூலாஞ்சே ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டு இளைக்க வைப்பதற்கென்றே ஒரு பிரிவை வைத்தார். முதல் மாதிரிகளில் ஒரே ஒரு விளக்கு. அன்றைய சட்டத்துக்கு அது போதும் என்பதால்! அவர் உயரமான மனிதர், தொப்பியும் போடுவார். தொப்பியோடு உட்கார்ந்து பார்ப்பார். தலை இடித்தால் கூரையை உயர்த்தச் சொல்லிவிடுவார். விவசாயி ஞாயிற்றுக்கிழமை தொப்பியோடுதானே கோயிலுக்குப் போவார்!

போர் வந்தது

47 விதமான மாதிரிகளைச் செய்து பார்த்து, 1939-இல் 250 வண்டிகள் செய்யத் தொடங்கினார்கள். அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் காட்டுவதாக ஏற்பாடு. செப்டம்பர் 3-ஆம் தேதி பிரான்சு போரில் இறங்கியது. கண்காட்சியே ரத்து! அடுத்த ஆண்டு ஜெர்மானியர் பாரிசுக்குள் வந்துவிட்டார்கள்.

எதிரிக்கு இந்த வண்டி கிடைக்கக்கூடாது என்று பெரும்பாலான மாதிரிகளை அழித்தார்கள். சிலவற்றை ஒளித்து வைத்தார்கள். அப்படி ஒளித்ததில் மூன்று வண்டிகள் லா ஃபெர்தே-விதாம் சோதனைத் திடலில் ஒரு தானியக் கொட்டகையின் பரணில் கிடந்து 1990-களில்தான் வெளியே வந்தன.

சிட்ரோன் ஆலை ஜெர்மன் ராணுவத்துக்கு லாரி செய்யவேண்டிய நிலை. பூலாஞ்சே ஜெர்மன் அதிகாரிகளிடம் நேரடியாகப் பேசாமல், இடையில் ஆள் வைத்தே பேசினார். வேலையை மெதுவாக நடத்தச் செய்தார். இன்னொன்றும் சொல்லப்படுகிறது. லாரி எஞ்சினின் ஆயில் டிப் ஸ்டிக்கில் கோடு போடும் இடத்தை மாற்றிப் போட்டார்களாம். கோட்டைப் பார்த்தால் ஆயில் சரியாக இருக்கிற மாதிரி தெரியும். உள்ளே பாதிகூட இருக்காது. கொஞ்ச தூரம் ஓடியதும் எஞ்சின் சீஸ் ஆகி நின்றுவிடும்! போர் முடியும் தறுவாயில் ஜெர்மன் ரகசியப் போலீஸின் அலுவலகத்தில் கிடைத்த கறுப்புப் பட்டியலில் பூலாஞ்சேயின் பெயரும் இருந்தது.

அந்த இருட்டிலும் அவர் கார் வேலையை விடவில்லை. 1941-இல் அலுமினியம் விலை 40 சதவீதம் ஏறியது. இனி அலுமினியத்தில் செய்தால் விவசாயிக்குக் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், ஸ்டீல் தகட்டுக்கு மாற்றி மொத்த டிசைனையும் திரும்பப் போட்டார்கள்.

சிரித்தவர்களும் வரிசையில் நின்றவர்களும்

1948 அக்டோபர் 7-ஆம் தேதி, பாரிஸ் கண்காட்சியில் பிரான்சு ஜனாதிபதி முன்னிலையில் 2 சி.வி.யின் திரை விலகியது. பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். டப்பா திறக்கிற கருவியும் கூடவே தருவார்களா என்று கேலி செய்தார்கள். ஆனால் ஜனங்கள் ஆர்டர் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். காத்திருக்கும் காலம் 3 வருடமாகி, பிறகு 5 வருடமானது! 1949-இல் செய்ய முடிந்தது 876 வண்டிகள்தான். தொழிலுக்காக ஊர் ஊராகப் போகவேண்டியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். கிராமத்து டாக்டர், மாட்டு வைத்தியர், மருத்துவச்சி, பாதிரியார், சிறு விவசாயி... காத்திருக்க வேண்டாம் என்பதால் பழைய வண்டி புது வண்டியை விட அதிக விலைக்குப் போனது.

நம் துறை நண்பர்களுக்காகச் சில விவரம்:

எஞ்சின், வால்டர் பெக்கியா செய்தது. 375 சி.சி., எதிரெதிராகப் படுத்த இரண்டு சிலிண்டர், 9 குதிரைத்திறன். காற்றால் குளிர்வது. ஆகவே ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. ஃபேன் நேராகக் கிராங்க் ஷாஃப்டிலேயே மாட்டியிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் பொறி விடும். ஹெட் கேஸ்கெட்டும் கிடையாது. இல்லாத பாகம் கெட்டுப்போகாது அல்லவா! பூலாஞ்சே 3 கியர் போதும் என்று நினைத்தாராம். பெக்கியா நாலாவதை ஓவர்டிரைவ் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தாராம்.

முட்டைக்குப் பதில் சொன்னது சஸ்பென்ஷன். முன்சக்கரமும் பின்சக்கரமும் தனித்தனி நீளமான ஆர்மில் தொங்கும். அந்த இரண்டு ஆர்மும் வண்டியின் பக்கவாட்டில் படுத்திருக்கும் ஒரே சிலிண்டருக்குள் உள்ள காயில் ஸ்பிரிங்குகளோடு இணைந்திருக்கும். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அந்த இழுப்பு பின்பக்கத்துக்குப் போய், வண்டி சமமாக நிற்கும். வரப்பில் ஏறி இறங்கினாலும் தொட்டில் மாதிரி ஆடுமே தவிரத் தூக்கிப் போடாது.

மற்றபடி எல்லாம் விநோதம்தான். வைப்பரை ஓட்டுவது ஸ்பீடோமீட்டர் கேபிள். வண்டி மெதுவாகப் போனால் வைப்பரும் மெதுவாக ஆடும். நின்றுவிட்டால் கையால் திருப்பிக்கொள்ளவேண்டியதுதான்! பெட்ரோல் எவ்வளவு என்று குச்சி விட்டுப் பார்க்கவேண்டும். சீட்டைக் கழற்றித் தோப்பில் போட்டு உட்காரலாம். கூரையைச் சுருட்டினால் பீரோகூட நிற்க வைத்துக் கொண்டுபோகலாம்.

வண்டி நல்ல பெயர் எடுக்க ஆரம்பித்த நேரம். 1950 நவம்பரில் கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து பாரிஸ் போகும் சாலையில் டிராக்சியன் காரை ஓட்டிச் சென்ற பூலாஞ்சே விபத்தில் இறந்தார். வயது 65. 38 லட்சத்தில் அவர் கண்ணால் பார்த்தது சில ஆயிரம்தான். அவர் காலத்தில் தொடங்கிய இன்னொரு காரான டி.எஸ். 1955-இல் வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. கடைசி 2 சி.வி. 1990 ஜூலை 27-ஆம் தேதி போர்ச்சுகல் நாட்டு ஆலையிலிருந்து இறங்கியது. பிற்பாடு அதே சிட்ரோன் கம்பெனி நம் திருவள்ளூர் ஆலையில் 2022-இல் சி3 காரைச் செய்யத் தொடங்கியது. மிஷெலின் டயர் ஆலையும் அதே மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகைக்கு வந்தது. நம் சீனியர்களுக்கும் நமக்கும் வேலை தேடும் வழியிலேயே பூலாஞ்சேயின் வீடு வந்துவிட்டது என்று சொல்லலாம்.

நமக்கு என்ன?

நண்பர்களே, ப்ராஜெக்ட் சமயத்தில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு, ரெடிமேடாக ஒரு மாடலை வாங்கி, பெயின்ட் அடித்து வைத்துவிடுகிறோம். வைவா முடிந்ததும் அது ஸ்டோர் ரூமில் தூசி பிடிக்கிறது. அது யாருக்கான மெஷின் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது.

எங்க பேட்ச் நாலு பேரும் இந்த வருடம் கையால் இயக்கும் கடலைக்காய் உடைக்கும் கருவி எடுத்தோம். டிராயிங் போடுவதற்கு முன்னால் எங்க ஊரில் கூலிக்குக் கடலை உடைக்கிற அம்மாக்களிடம் போய்க் கேட்டோம். வேகத்தைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. உட்கார்ந்தபடி சுற்ற முடியுமா, பருப்பு உடையாமல் வருமா என்றுதான் கேட்டார்கள். விதைக் கடலை உடைந்தால் முளைக்காது, விலையும் போகாது. எனக்கு உடனே பூலாஞ்சேயின் முட்டைக் கூடை ஞாபகம் வந்தது. கைப்பிடி உயரத்தை எங்க அம்மாவைத் தரையில் உட்கார வைத்து அளந்துதான் முடிவு செய்தோம். சல்லடைக்கும் உடைக்கும் பட்டைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை. உடைசல் குறைந்தால் பிரியாத காய் அதிகமாகிறது!

முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் பாதிக்கு மேல் இருப்போம். இங்கிலீஷ் வராது, பெரிய இடத்துப் பழக்கம் கிடையாது என்று நமக்குள்ளேயே ஒரு கூச்சம் உண்டு. ஆனால் மூட்டையின் கனம், வரப்பின் மேடு பள்ளம், சந்தைக்குப் போகிற பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர் படும் பாடு, இவையெல்லாம் நமக்குத் தெரியும். பூலாஞ்சே பாரிஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து தேடிப் பிடித்த விவரம் இதுதான். நமக்கு அது வீட்டிலேயே இருக்கிறது.

அடுத்த ஆண்டு ப்ராஜெக்ட் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளே! டைட்டில் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், அதை வைத்துப் பிழைக்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். ஒர்க் ஷாப்பில் எங்கள் கடலை மெஷினும் இருக்கும். இடைவெளி சரியாக வரவில்லை என்றால் நீங்கள் சரிசெய்து கொடுங்கள்.