படைவீரர்களை டைஃபாய்டிலிருந்து காத்த மருத்துவர் ஆல்ம்ராத் ரைட்

போர்க்களத்தில் குண்டுகளைவிட நோய்களே அதிக உயிர்களைப் பறித்த காலத்தில், டைஃபாய்டு தடுப்பூசியை உருவாக்கியவர் பிரிட்டன் மருத்துவர் ஆல்ம்ராத் ரைட். 1861-இல் பிறந்த அவர், நெட்லி ராணுவ மருத்துவக் கல்லூரியில் நோயியல் பேராசிரியராகப் பணியாற்றினார். வெப்பத்தால் கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்டு 1896-இல் தடுப்பூசியைத் தயாரித்தார். 1898-இல் பிளேக் ஆணைய உறுப்பினராக இந்தியா வந்தபோது, இங்கிருந்த பிரிட்டன் வீரர்கள் சிலருக்கு அதனைச் செலுத்தினார்.

எனினும், 1899-இல் தென்னாப்பிரிக்காவில் மூண்ட போயர் போரில் தடுப்பூசி கட்டாயமாக்கப்படவில்லை. சிறு பகுதியினரே அதனைச் செலுத்திக் கொண்டனர். 8,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் டைஃபாய்டால் மாண்டனர்.

1902-இல் ராணுவக் கல்லூரியிலிருந்து விலகிய ரைட், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஆய்வைத் தொடர்ந்தார். முதல் உலகப் போரில் பெரும்பாலான பிரிட்டன் வீரர்கள் தடுப்பூசி பெற்றனர். படை பன்மடங்கு பெருகியிருந்தும், டைஃபாய்டு இறப்புகள் சுமார் 1,200-ஆகக் குறைந்தன. ரைட் 1947-இல் காலமானார்.