வீடு வாங்கிய புனிதை

புனிதர் என்றதும், கைகளைக் குவித்து விண்ணை நோக்கும் ஓர் உருவமே நம் கண்முன் வருகிறது. அவிலா நகர்ப் புனித தெரேசம்மாளையும் நாம் அப்படித்தான் படங்களில் கண்டிருக்கிறோம். ஆனால் அந்த அம்மையார் வீட்டுக்கு விலை பேசியவர்; பத்திரம் எழுதி வாங்கியவர்; கடன் பட்டு அடைத்தவர்; உத்தரவு தர மறுத்த பெரியவர்களின் மனத்தை மாற்றியவர். பெண்ணின் சொல் சபையேறாத ஒரு காலத்தில் அவருடைய சொல் எப்படி ஏறியது என்பதே நாம் இங்குக் காணப் புகுவது.

இவர் லிசியே நகர்க் குழந்தை தெரேசம்மாளுக்கு மூன்றரை நூற்றாண்டு முற்பட்டவர். 1515-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டில் பிறந்தார். தந்தை அலோன்சோ, தாய் பெயாத்ரீஸ். தந்தைவழிப் பாட்டனார் தொலேதோ நகரத்துத் துணி வணிகர். யூத மறையிலிருந்து கிறிஸ்தவரான அவரை மறைவிசாரணை மன்றத்தார் 1485-இல் தண்டித்து, ஊரறிய ஊர்வலம் செல்ல வைத்தனர். அதன் பின்னர் அக்குடும்பம் அவிலாவில் குடியேறிற்று. இந்தச் செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு வயதிலேயே தாயை இழந்த தெரேசா, தேவமாதாவின் சுரூபத்தின் முன் சென்று, இனி நீரே எனக்குத் தாய் என்று அழுது வேண்டிக்கொண்டார். 1535-இல் அவிலாவின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அவருடைய பேச்சு யாரையும் கவரும். அவரைக் கண்டு பேசுவதற்கென்றே சீமான்களும் சீமாட்டிகளும் மடத்துக்கு வந்தனர். அதில் அவருக்கும் மகிழ்ச்சியே. பிறர் தம்மை விரும்பவேண்டும் என்ற ஆசையில் பல ஆண்டுகளை வீணாக்கியதாகப் பிற்காலத்தில் தாமே ஒளிக்காமல் எழுதிவைத்தார். 1554-இல் காயங்கள் நிறைந்த கிறிஸ்துவின் சுரூபம் ஒன்றின் முன் அவர் மனம் உடைந்தது. அன்று முதல் பேச்சுத் திறமை அவரை விட்டுப் போய்விடவில்லை. அது பணி செய்யும் இடம்தான் மாறியது. தமக்குப் புகழ் தேடிய நாவு, பிறருக்காகப் பரிந்து பேசத் தொடங்கியது.

ஏழ்மையிலும் செபத்திலும் வாழும் சிறிய மடம் ஒன்றை நிறுவ அவர் விரும்பினார். எதிர்ப்பு வரும் என்று அறிந்து, தங்கையும் மைத்துனரும் வாங்குவதுபோல் ஒரு சிறு வீட்டை வாங்கிப் பழுது பார்த்தார். நிலையான வருமானம் இல்லாத மடத்தை ஏற்க அவிலா ஆயர் முதலில் இசையவில்லை. தெரேசாவை நேரில் கண்டு பேசிய பின்னரோ ஆயர் மனம் மாறினார். அதுமுதல் வாழ்நாள் முழுதும் அவருக்குத் துணை நின்றார். 1562 ஆகஸ்டு 24-இல் சூசையப்பர் மடம் நான்கு பெண்களுடன் தொடங்கியது. நகர சபையார் வழக்குத் தொடுத்தும் மடம் நிலைத்தது.

அவருடைய திறமைக்குப் பெரிய சோதனை 1569-இல் தொலேதோ நகரில் வந்தது. அங்கு இறந்துபோன ஒரு வணிகர், மடம் அமைப்பதற்கென்று பொருள் விட்டுச் சென்றிருந்தார். பொருளைப் பொறுப்பேற்ற உறவினர் நிபந்தனைமேல் நிபந்தனை விதித்தனர். தெரேசாவின் கையில் காசு இல்லை. எனினும், மடத்தின் வாழ்வைக் கெடுக்கும் நிபந்தனைகளுக்கு அவர் தலையசைக்கவில்லை. பேச்சு முறிந்தது. தேவை மிகுந்தவர்தாம் பணிந்துபோகவேண்டும் என்பது உலக வழக்கு. அவரோ முறிந்த பேச்சைக் கண்டு கலங்காமல் அடுத்த காரியத்தைப் பார்த்தார்.

அடுத்த காரியம் உத்தரவு. மறைமாவட்டத்தை அப்போது நடத்திவந்த ஆளுநர் நாள் கடத்தினார். தெரேசாவின் செல்வாக்குள்ள நண்பர்கள் முயன்றும் பயனில்லை. முடிவில் தெரேசாவே அவரை ஒரு கோயிலில் சந்தித்தார். கடுந்தவம் செய்ய விரும்பும் பெண்களை, அத்தகைய துன்பம் எதுவும் அறியாமல் வசதியாக வாழ்பவர் தடுப்பது முறையா என்று அமைதியாக, ஆனால் அச்சமின்றிக் கேட்டார். அவர் அவ்விடம் விட்டு அகலுமுன் உத்தரவு கிடைத்தது. மற்றவர்கள் தயவு கேட்டனர். அவர் நியாயம் கேட்டார். வேறுபாடு அதுதான்.

கையிலிருந்த சில காசுகளுக்கு இரண்டு படங்களும் இரண்டு வைக்கோல் மெத்தைகளும் ஒரு கம்பளியும் வாங்கினார். பணக்காரர்களால் கண்டுபிடிக்க முடியாத வீட்டைக் கந்தலுடுத்த ஓர் ஏழை மாணவர் தேடித் தந்தார். இப்படிப்பட்டவரையா நம்புவது என்று உடனிருந்த கன்னியர் நகைத்தபோதும், தெரேசா அவரை நம்பினார். மே 14-இல் மடம் திறந்தது.

இப்போது அந்த வணிகக் குடும்பமே திரும்பி வந்தது. பன்னிரண்டாயிரம் தூக்காத்து மதிப்புள்ள நல்ல வீட்டுக்கு வழி பிறந்தது. மடத்துக் கோயிலின் முதன்மைப் பீடத்தில் தங்கள் குடும்பத்துக்கு உரிமை வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். பிரபுக்கள் குறுக்கிட்டனர். வணிகருக்கு அந்த மதிப்பைத் தரலாகாது, உயர்குடியினருக்கே தரவேண்டும் என்று வற்புறுத்தினர். தெரேசாவும் சற்றுத் தயங்கினார். பிரபுக்களைப் பகைத்தால் எத்தனையோ கதவுகள் அடைபடும். செபத்தில் ஆராய்ந்த பின், குலப்பெருமை கடவுளின் முன் செல்லாது என்று உணர்ந்து, வணிகருக்கே அதை அளித்தார். தம் பாட்டனார் அவமானம் அடைந்த அதே ஊரில் அவர் செய்த தீர்ப்பு இது! தம் பாட்டனாரைப் பற்றி அவர் எங்கும் எழுதவில்லை. ஆயினும் இந்த இடத்தை நாம் எளிதில் கடந்துபோக முடிவதில்லை.

எல்லாம் வெற்றியாகவே முடிந்ததென்று எண்ணவேண்டாம். செவில்லா நகரில் வீடு வாங்கியபோது, பத்திரம் எழுதியவர் செய்த பிழையால் விற்பனை வரிச் சிக்கல் எழுந்தது. பிணை நின்ற அவர் சகோதரர் லொரென்சோ சிறைக்கு அஞ்சி மறைந்திருக்க நேர்ந்தது.

கடைசி மடம் 1582-இல் பூர்கோஸ் நகரில். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு, தொண்டையில் நோய். மழை வெள்ளத்தில் பாதை தெரியாமல் வண்டிகள் தத்தளித்தன. வந்து சேர்ந்ததும், வீடும் வருமானமும் இல்லாமல் உத்தரவு இல்லை என்று பேராயர் கூறிவிட்டார். தெரேசா சினக்கவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. ஒரு மருத்துவமனையின் மேல்தளத்தில் தங்கிக்கொண்டு, 1300 தூக்காத்துக்கு ஒரு வீட்டை விரைந்து முடித்தார். முடிந்த பின்னரே, இவ்வளவு மலிவாகக் கொடுக்கலாமா என்று பலர் விற்றவர்களைக் குறைகூறினர். ஏப்ரலில் உத்தரவும் வந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஆல்பா தெ தோர்மெஸ் நகரில் அவர் உயிர் நீத்தார். நாட்காட்டி திருத்தப்பட்டதால் அடுத்த நாள் அக்டோபர் 15 ஆயிற்று. அதுவே அவருடைய திருநாள். அவர் முயற்சியால் எழுந்த கன்னியர் மடங்கள் பதினேழு. 1622-இல் புனிதர் பட்டம் பெற்றார். 1970-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே.

அன்புச் சகோதரிகளே, நாளை நம்மில் பலர் அலுவலகத்திலும் கடையிலும் குடும்பத்திலும் பெரியவர்கள் முன் நின்று பேசவேண்டியிருக்கும். உரத்த குரலும் பட்டாடையும் நமக்கு மதிப்புத் தேடித் தரா. கணக்குத் தெரிந்திருக்கவேண்டும், பத்திரத்தைப் படித்துப் பார்க்கவேண்டும், காத்திருக்கத் தெரியவேண்டும், ஒவ்வாத பேச்சை விட்டு எழுந்திருக்கவும் துணியவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எளியவருக்குரிய மதிப்பை வலியவருக்கு விற்காதிருக்கவேண்டும். அப்படிப்பட்டவளின் சொல்லுக்கு உலகம் செவி சாய்க்கும். புனித தெரேசம்மாள் நமக்காக மன்றாடுவாராக!