பேக்கர் பிரபு

தூணொன்று முறிந்தால் மாளிகை முழுதும் வீழுமென்றே நாம் எண்ணுவோம். 1901-ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்த ஜான் பிளீட்வுட் பேக்கர் இவ்வெண்ணம் முற்றும் சரியன்றெனக் கண்ட பேராசிரியர். இரண்டாம் உலகப்போரில் அரசினரின் ஆலோசகராய்க் குண்டுபட்ட கட்டடங்களை ஆராய்ந்தார். சுவர்தாங்கிய வீடுகள் சுவரிழந்தவுடன் சரிந்தன. உருக்குச்சட்டக் கட்டடங்களோ தூணிழந்தும் பல நின்றன. மூட்டுகள் அறாதிருப்பின், உத்திரங்கள் அப்பாரத்தை அண்டைத் தூண்களுக்குக் கடத்திவிடும். உருக்கு எளிதில் ஒடியாது, நெளியும், நெளியுங்கால் அடியின் வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். இக்குணத்தை நம்பியே 1941-இல் மேசைபோன்ற புகலிடமொன்றை வகுத்தார். வீடு மேலே இடிந்து வீழினும் அது நெளிந்து நின்று, அடியிற் படுத்திருந்தோர் பலரைக் காத்தது. 5 இலட்சத்துக்கு மேற்பட்டவை வீடுகளுக்கு வழங்கப்பட்டன. உள்நாட்டமைச்சர் மாரிஸனின் பெயரே அதற்கு வழங்கிற்று. வகுத்தவரை அறிந்தோர் சிலரே! 1943 முதல் 1968 வரை கேம்பிரிட்ஜிற் பேராசிரியராய்ப் பணியாற்றிய பேக்கர், 1977-இல் பிரபுப்பட்டம் பெற்று, 1985-இல் காலமானார்.