சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள்

கொழும்பிலே கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் திருக்கோயிலைத் தாபித்தவர் பொன்னம்பல முதலியார். அவருக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் மூன்றாம் புத்திரராய் அருணாசலம் அவர்கள் 1853-ம் ஆண்டு செப்டெம்பர் 14-ம் திகதி பிறந்தனர். குமாரசுவாமி, இராமநாதன் என்போர் இவர்தம் தமையன்மார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் கற்று, 1875-ம் ஆண்டிலே சிவில் சேவைப் பரீட்சையில் தேறி, அவ்வழியால் அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் என்னும் புகழ் பெற்றார். 1901-ம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி, 1913-ம் ஆண்டில் உத்தியோகத்தினின்றும் இளைப்பாறினார்.

இளைப்பாறிய பின்னரே இவரது பெரும்பணி தொடங்கிற்று. சட்டநிரூபண சபையில் 1833-ம் ஆண்டு முதலாக உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவரை இனம்பற்றித் தேசாதிபதியே நியமித்து வந்தார். 1911-ம் ஆண்டிலிருந்து மிகச் சிலரே தெரிவு செய்யப்பட்டனர். இந்நிலையை மாற்றக் கருதி அருணாசலம் அவர்கள் 1917-ம் ஆண்டில் இலங்கைச் சீர்திருத்தச் சங்கத்தைத் தாபித்தனர். ஆயினும் சங்கங்கள் பலவாய்ப் பிரிந்து நின்றன. தென்னிலங்கைத் தலைவர்கள் பிரதேசவாரியான தெரிவை வேண்டினர். தலையெண்ணிக்கை ஒன்றே அளவாயின் தமிழர் குரல் தேயும் என்று யாழ்ப்பாணச் சங்கத்தார் அஞ்சினர். கொழும்பிலும் மேல் மாகாணத்திலும் சிதறி வாழ்ந்த தமிழருக்கோ எத்தொகுதியிலும் பெரும்பான்மை இல்லை.

இருதிறத்தாரையும் இணைக்கும் பொறுப்பு இவர்பாற் சேர்ந்தது. 1918-ம் ஆண்டு டிசெம்பர் 7-ம் திகதி ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம என்னும் தலைவர்கள் இருவர், மேல் மாகாணத் தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுதலைத் தாம் முயன்று ஆதரிப்பதாக இவருக்குக் கடிதம் வரைந்து கொடுத்தனர். அதனைக் கொண்டு இவர் யாழ்ப்பாணச் சங்கத் தலைவர் சபாபதி அவர்களின் ஐயத்தை நீக்கினர். அச்சங்கமும் உடன்பட, 1919-ம் ஆண்டு டிசெம்பர் 11-ம் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் உதயமாயிற்று. இவரே அதன் முதல் தலைவர். பிறர் எழுதிய வாக்குறுதிக்கு யாழ்ப்பாணத்தார் முன் இவர் பிணை நின்றமையை ஈண்டுக் கருதுதல் வேண்டும்.

1920-ம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி தேர்தல் அணுகியபோது கொழும்பு நகரத் தொகுதிக்குக் காங்கிரசார் ஜேம்ஸ் பீரிஸ் அவர்களையே ஆதரித்தனர். கடிதத்திற்கு அவர்கள் கொண்ட பொருள் வேறு, இவர் கொண்ட பொருள் வேறு. தம் சொல்லை நம்பி வந்தோர்க்கு விடைகூற வேண்டியவர் இவரே ஆதலின், தாம் வளர்த்த காங்கிரசை 1921-ம் ஆண்டில் விட்டு நீங்கினார். 1923-ம் ஆண்டில் இலங்கைத் தமிழர் சங்கத்தைத் தாபித்தார். 1924-ம் ஆண்டு சனவரி 9-ம் திகதி, தலயாத்திரை சென்றிருந்த காலை, மதுரையிற் சிவபதம் அடைந்தார்.

அவ்வாண்டுச் சீர்திருத்தத்தில் மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் அளிக்கப்பட்டது. அதனைக் காண அவர் இலர். 1931-ம் ஆண்டு டொனமூர் அரசியல் திட்டத்தில் இனவாரி ஆசனங்கள் யாவும் ஒழிந்தன.

பிரதிநிதித்துவ ஆட்சியில் கட்சிகளை ஒன்றுகூட்டுதல் அரிது. கூட்டியபின் சிறுபான்மையோர்க்குக் கொடுத்த வாக்கை, எண்ணிக்கை வலிமை கைவந்த பொழுதிற் காத்தல் அதனினும் அரிது. வாக்குறுதியின் சொற்கள் ஐயத்துக்கு இடமின்றி வரையப்படாவிடின், நடுவே பிணை நின்றவர்க்கே பழி வந்து சேரும். ஆகவே, இப்பெரியாரின் சரித்திரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் 1919-ம் ஆண்டுப் பெருமையோடு நிறுத்தாது, 1921-ம் ஆண்டின் பிரிவையும் அதன் காரணத்தையும் மாணாக்கர் தெளிய உரைப்பாராக.